பல்லாங்குழியில் பாசிமணி

சனிக்கிழமை பிற்பகல் 3 மணி. சான்பாடாவில் ஒரு 4ஆவது மாடி ஃபிளாட். கூடத்து சோபா சுவரோரம் தள்ளப்பட்டு, தரையில் பவானி ஜமுக்காளம் விரிந்திருக்கிறது. அதன்மேல் ஆளுக்கொரு பூத்துவாலை. வழவழப்பான தரையில் மணிகள் உருண்டோடிவிடும், துவாலையில் நகராமல் நிற்கும். நடுவில் ஒரு பழைய பல்லாங்குழிப் பலகை. 14 குழிகளிலும் புளியங்கொட்டைக்குப் பதிலாக 14 வகை மணிகள்: பவழச் சிவப்பு, மயில் நீலம், பொய் முத்து, பித்தளை நிறத்தில் கடுகளவு உருண்டைகள். வீட்டு ஆண்கள் சாப்பிட்ட கையோடு வாஷி பக்கம் அனுப்பப்பட்டுவிட்டார்கள். 8 பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நரம்பில் மணி கோர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நவராத்திரிக்கு இன்னும் 3 வாரம் இருக்கிறது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காயுடன் ஏதாவது ஒரு பொருள் வைத்துக் கொடுக்க வேண்டும். வழக்கமாக அது ரவிக்கைத் துணி. அந்தத் துணியை யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஒரு வருடம் இந்த வீட்டிலிருந்து போன துணி ஒன்று, 9 நாளில் 3 வீடுகளைச் சுற்றிவிட்டு இங்கேயே திரும்பி வந்து சேர்ந்ததாம். சிரிப்பு அடங்கியதும் எடுத்த முடிவுதான், தாம்பூலத்துக்குத் தோடும் கை மணியும் தாங்களே செய்வது என்பது.

தாம்பூலம் ஒரு சாக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். உப்பங்கழிக்கு இக்கரையில் புதிய நகரம் ஒன்றை உருவாக்க 1970ல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டபோது, சான்பாடா ஆக்ரி, கோலி மக்களின் கிராமம். 1973ல் வாஷிக்குச் சாலைப் பாலம் வந்தது. 1992ல் மான்குர்டிலிருந்து ரயில் பாலம் தாண்டியது. அதன்பிறகு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கொடுத்து அலுத்த தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்த வீட்டுக் கனவோடு இந்தப் பக்கம் வந்தன. இங்கே சுவர் சொந்தமாகக் கிடைத்தது. காற்றும் கிடைத்தது. பழைய கட்டடத்தின் பொது வராந்தா மட்டும் கிடைக்கவில்லை.

மாட்டுங்காவில் மல்லிகைப் பூவும் வாழைக்காயும் வாங்கக் கீழே இறங்கினால் தெரிந்த முகம் நாலு பார்த்துவிடலாம். செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படியேறுவதற்குள் நாலு குடும்பங்களின் நலம் விசாரித்துவிடலாம். சான்பாடாவில் கதவுக்கு லென்ஸ் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு என்பது லிஃப்ட் வரும்வரைதான். ‘சும்மா வாருங்கள்’ என்று அழைத்தால் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. ‘மணி கோர்க்க வாருங்கள்’ என்றால் வந்துவிடுகிறார்கள். கையில் ஒரு வேலை இருந்தால், மற்றவர் முகத்தைப் பார்க்காமலே பல விஷயங்களைப் பேசிவிட முடிகிறது. மருமகளின் வேலை போனது, மார்பில் கட்டி என்று டாக்டர் சொன்னது எல்லாம் இந்த ஜமுக்காளத்தில்தான் முதலில் வெளிவந்தன.

சரக்கு வாங்குவது தனிப் பயணம். ஹார்பர் ரயிலில் ஏறி மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி, கைவண்டிகளுக்கும் மூட்டை சுமப்பவர்களுக்கும் வழிவிட்டு, ஜவேரி பஜாரின் அசல் தங்கத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, மும்பாதேவி கோயிலைத் தாண்டி புலேஷ்வர் பக்கம் நடக்க வேண்டும். அங்கேதான் போலி நகைக்கான உதிரிப் பொருள்கள் சந்து சந்தாகக் கிடைக்கின்றன. சிதம்பரத்துக் கவரிங் பார்த்து வளர்ந்த கண்களுக்குக்கூட அந்தக் குவியல் கொஞ்சம் மலைப்புத்தான். கொக்கியும் வளையமும் குரோஸ் கணக்கு, அதாவது 144. ஒரு டஜன் போதும் என்றால் சில கடைக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தோட்டுக் கொக்கியை மட்டும் நல்லதாக வாங்குவது என்பது அனுபவம் தந்த பாடம். மலிவுக் கொக்கியில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குக் காது புண்ணாகிவிடுகிறது.

பாசிமணி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மண்பாண்டங்கள் வந்தன. அந்த ஊர் பெரிய மணித் தொழிற்கூடமாகவும் இருந்தது. கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் செய்யும் அந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கப்பலேறின. கழுத்திலும் கையிலும் அவற்றைப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ நாட்டவர். கோர்த்தவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கோர்ப்பது பார்க்கத்தான் சுலபம். கழுத்தை ஒட்டிக் கிடக்கும் 16 அங்குல மாலைக்கு 6 மில்லிமீட்டர் மணி ஏறத்தாழ 67 வேண்டும். நரம்பு நுனியில் ஒரு குட்டி உலோக மணியைக் குறடால் நசுக்கி முடிச்சைப் பிடிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் நரம்பு அறுந்து 67ம் அலமாரிக்கு அடியில். குறைந்தால் கொலுவன்றைக்கு விருந்தாளி மடியில். கை மணிக்கு எலாஸ்டிக் கயிறு. கோர்ப்பதற்கு முன்பே அதை நன்றாக இழுத்துவிடாவிட்டால் ஒரே வாரத்தில் தொளதொளத்துவிடும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு மாலைகூட முடியவில்லை.

ஒருவரைத் தவிர. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மணிகளை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. மெல்லிய கம்பி ஊசியைக் குழிக்குள் செருகி ஒரே வீச்சில் ஐந்தாறு மணிகளை ஏற்றிக்கொள்கிறார். கண் மணியில் இல்லை, பேச்சில் இருக்கிறது. அவர் தாராவியில் வளர்ந்தவர். பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து மணி கோர்த்தால்தான் ராத்திரிக்குள் கணக்கு முடியும். ஏஜென்ட் சாக்கில் கொண்டுவந்து கொட்டுவார், மறுநாள் எண்ணி எடுத்துப் போவார். கூலி டஜனுக்கு இவ்வளவு என்று. அறுந்தால் பிடித்தம். இந்த வேலையைச் செய்ய ஆட்களைக் கூப்பிட்டு, டீயும் பஜ்ஜியும் கொடுத்து உபசரிப்பார்கள் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டார் என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். கூடம் ஒரு நிமிஷம் அமைதியாகிவிடுகிறது.

வந்து சேர்ந்த ரயிலையே எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். ஹார்பர் லைனின் பெண்கள் பெட்டியில் தோடுகளைச் சட்டத்தில் தொங்கவிட்டு விற்கிறார்கள். ஜோடி பத்து, இருபது ரூபாய்க்குக்கூடக் கிடைக்கிறது. அதிலும் பேரம் பேசாமல் யாரும் வாங்குவதில்லை. ஒருவர் பழைய கவரின் பின்பக்கம் கணக்குப் போடுகிறார். மணிக்கு, கொக்கிக்கு, அட்டைக்கு, மொத்த வியாபாரிக்கு, விற்கிறவருக்கு எல்லாம் கழித்துப் பார்த்தால் கோர்த்த கைக்கு மிஞ்சுவது பைசாக் கணக்கில்தான் நிற்கிறது. மும்பையில் இந்த வேலை தாராவியிலும் மாலாட் பக்கத்திலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. வீட்டில் செய்கிற வேலைக்கும் மற்றத் தொழிலாளிகளுக்குச் சமமான நடத்தை வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996ல் 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

மிஞ்சுகிற மாலைகளை சொஸைட்டியின் தீபாவளி ஸ்டாலில் விற்கலாம் என்றொரு யோசனை மதியமே எழுந்திருந்தது. 100 ரூபாய் வைக்கலாமா, 150 வைக்கலாமா என்ற விவாதம். கவர்க் கணக்குக்குப் பிறகு அது தொடரவில்லை. ஒரு மாலைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் எந்த விலையும் நியாயமாகப் படவில்லை. ஒன்று, வாங்குகிறவருக்கு அதிகம். இல்லையென்றால் செய்கிறவருக்குக் குறைவு. ஜன்னலோரத்துக்காரர் மட்டும் 250 வையுங்கள் என்கிறார். யாராவது பேரம் பேசினால் ஊசியையும் நரம்பையும் கையில் கொடுத்துவிடலாம் என்பது அவர் தீர்ப்பு. பிறகு அந்த ஊசி வித்தையைக் கற்றுத்தரச் சொல்லி எல்லோரும் நெருங்கி உட்காருகிறார்கள். ஊசியைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும், குத்தக் கூடாது, மணிகளுக்குள் சும்மா நடத்திக்கொண்டு போக வேண்டும். 3 பேருக்கு வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

6 மணிக்கு வாஷிக்குப் போனவர்கள் ஃபோன் செய்யத் தொடங்குகிறார்கள். 31 ஜோடித் தோடு, 9 கை மணி, 11 மாலை. மீதி மணிகள் ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்குள் போகின்றன. விளையாடிவிட்டு வந்த பையன் சோபாவுக்கு அடியிலிருந்து 4 முத்துகளைப் பொறுக்கி, ஒன்றுக்கு ஒரு ரூபாய் கேட்கிறான். பல்லாங்குழியில் சிவப்புக் குழி காலி. அடுத்த வாரம் மஸ்ஜித் போவது யார் என்ற பேச்சு வாசலில் செருப்பு மாட்டும்போது தொடங்கி, வந்து நின்ற லிஃப்ட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பிய பிறகும் முடியவில்லை.