காதருகே ஓர் இரைச்சல்

ராசிபுரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பட்டுப் புடவை வரும், நெய் வரும். இங்கிலீஷ் நாவல் படிக்கிறவர்களாக இருந்தால், ஆர். கே. நாராயணன் பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஆர்' எங்கள் ஊர்தான் என்பதையும் சொல்லிவிடுவீர்கள். எனக்கு ராசிபுரம் என்றால் அம்மாதான். பத்திரிகைக் காரியாலயம் சென்னையில் இருக்கிறது; நான் மட்டும் வேலையை மூட்டை கட்டிக்கொண்டு இரண்டு வருஷமாக அம்மாவோடு இங்கே இருக்கிறேன். பகலெல்லாம் வீட்டுக் காரியம் சரியாகப் போய்விடும். ராத்திரி பத்து மணிக்குமேல்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியும்.

சென்ற சித்திரையில் ஒரு நாள், இரண்டு மணி இருக்கும். மறுநாள் காலையில் அனுப்பவேண்டிய கட்டுரை. மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னால் ஒரு பாத்திரம் உருளும் ஓசை. ஓடிப் போய்ப் பார்த்தால், சமையலறை வாசற்படியில் அம்மா விழுந்து கிடக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

"மூணு வாட்டி கூப்பிட்டேன் கண்ணு. உனக்கு வேல கெடும்னு நானே எந்திரிச்சேன்" என்றாள்.

கோபித்துக்கொண்டிருந்தால் பாதகமில்லை. கோபித்துக்கொள்ளாமல் சொன்னாள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. அவள் படுக்கை இருப்பது பத்தடி தூரத்தில். அங்கிருந்து மூன்று தடவை கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்கவில்லை!

மேலே விசிறி சுற்றுகிறதே, அதன் சத்தமாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நிறுத்திப் பார்த்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. குற்றவாளி என் மேஜைமேல், காதுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தான். பழைய வாரப் பத்திரிகை ஒன்றைக் குழாயாகச் சுருட்டி, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரி கம்ப்யூட்டர் பெட்டியின் பல இடங்களில் வைத்துக் கேட்டேன். பின்பக்கம், கரண்ட் வயர் நுழைகிற மூலையில் வைத்ததும் காதே அடைத்துவிட்டது.

அந்த மூலையில் இருப்பதற்குக் கடைக்காரர்கள் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று பெயர் சொல்கிறார்கள். செங்கல் பருமனில் ஒரு தகரப் பெட்டி. சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட்டாகக் கம்ப்யூட்டருக்குப் பரிமாறுவது அதன் உத்தியோகம். பரிமாறும்போது கொஞ்சம் சிந்தும், சிந்தினதெல்லாம் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உள்ளே ஒரு சின்ன விசிறி. ஏழு வருஷத் தூசியும், வறண்டுபோன சுழல் அச்சுமாகச் சேர்ந்து அது அப்படி அலறியிருக்கிறது.

திறந்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போகிறது என்று உங்களில் யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தப் பெட்டிக்குள் முந்நூறு வோல்ட் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கக்கூடும். கொண்டை ஊசியை விட்டு விசிறியை நிறுத்திப் பார்க்கிற விளையாட்டும் வேண்டாம்.

மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். உள்ளூர்க் கடைப் பையன் ஆயிரம் ரூபாய்க்குள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கையில் வாங்கினால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை. "சத்தம் வருமா தம்பி?" என்றேன். "ஃபேன்னா சத்தம் வராமங்களா அக்கா?" என்றான். நியாயமான பதில்தான்.

விசிறியே இல்லாத ஜாதியும் உண்டு என்று தெரிந்ததும், எனக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. உலோகத் தகடுகள் வழியாகச் சூடு தானே வெளியேறிவிடுமாம். இந்த ஆசை புதிதல்ல. 1977-இல் ஆப்பிள்-2 கம்ப்யூட்டரைச் செய்தபோது, விசிறிச் சத்தமே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்தார். ராட் ஹோல்ட் என்ற எஞ்சினீயர் அதிகம் சூடாகாத மின்பெட்டி ஒன்றைச் செய்துகொடுத்து மானத்தைக் காப்பாற்றினார். 1980-இல் வந்த ஆப்பிள்-3-க்கும் விசிறி இல்லை. ஆனால் அது சூடேறித் தகராறு செய்கிறது என்று கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. உள்ளே சில்லுகள் இடம் பெயர்ந்தால், இயந்திரத்தை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி மேஜைமேல் 'தொப்'பென்று போடச் சொன்னார்களாம்!

கலிபோர்னியாவிலேயே அந்தப் பாடு என்றால், நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு என்ன ஆகும்? வெளியே 40 டிகிரியைத் தொடும் நாளில் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும், யோசியுங்கள். உள்ளே கெப்பாசிட்டர் என்று சின்னச் சின்ன டப்பிகள் இருக்கின்றன. பத்து டிகிரி சூடு ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. குளிர்சாதன அறையும், காற்றோட்டமான பெட்டியும் இருப்பவர்கள் தாராளமாக விசிறியில்லாததை வாங்கலாம். விலையும் என் கைக்கு எட்டவில்லை. அத்தனை கொடுத்து வாங்கினாலும், சிலவற்றில் கம்பிச் சுருள்கள் கொசு பாடுகிற மாதிரி மெல்லக் கீச்சிடுவது உண்டு.

கடைசியில் ஒரு மணி நேரம் பஸ் பிடித்துச் சேலம் போனேன். அங்கே ஒரு கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். '80 பிளஸ்' என்று 2004 முதல் ஒரு தர முத்திரை இருக்கிறது. அதில் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று படிகள் இருக்கின்றன. நகைக்கடையில் தங்கம் வாங்கினால் சேதாரம் என்று தனியாகப் போடுவார்கள் அல்லவா? இங்கே தங்கம் என்றாலே சேதாரம் குறைவு என்று அர்த்தம். என் கம்ப்யூட்டருக்கு 100 வாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து மட்டும் பரிமாறுகிற பெட்டி சுவரிலிருந்து 133 வாட் இழுக்கும். 33 வாட் வெறும் சூடு. தங்கப் பெட்டி தொண்ணூறை ஒட்டிப் பரிமாறும். 111 வாட் போதும், சூடு பதினொன்றுதான். சூடு மூன்றில் ஒரு பங்கானால் விசிறிக்கு ஏது வேலை?

நான் வாங்கினது 550 வாட் தங்கம். 'ஐயோ, கரண்ட் பில்!' என்று பயப்படாதீர்கள். 550 என்பது அதன் சக்தி. கம்ப்யூட்டர் கேட்கிறதைத்தான் கொடுக்கும். ஐந்தில் ஒரு பங்கு வேலை மட்டும் வாங்குவதால் உள்ளே இருக்கிற அகலமான விசிறி சும்மா நிற்கும். சூடு ஏறினால் மட்டும் மெதுவாகச் சுற்றும். ஆறாயிரத்துக்குமேல் ஆயிற்று. மலிவான யு.பி.எஸ். சிலவற்றோடு இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு ஒத்துப்போவதில்லை என்பதால், அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பணத்தைக் கொடுத்தேன்.

"அந்தப் பணத்துக்கு அம்மாவுக்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்திருக்கலாமே?" என்பீர்கள். கொடுத்தேனே! பூஜை மணியைத் தலைமாட்டில் வைத்தேன். "சாமிக்கு அடிக்கிற மணிய அடிச்சா உன்னைக் கூப்பிடறது?" என்று திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

புதுப் பெட்டி மாட்டின முதல் ராத்திரி எனக்கே திகைப்பாக இருந்தது. கடிகாரம் ஓடுவது கேட்டது. அம்மா புரண்டு படுக்கும்போது கட்டில் முனகுவது கேட்டது. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வெகுநேரம் எழுதாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில், "இப்ப நல்லாத் தூக்கம் வருதாம்மா?" என்று பெருமையோடு கேட்டேன். அம்மா முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. அவள் தறிக்காரர் வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு நடுவே தொட்டிலில் தூங்கினவள். "எங்க வூட்ல தறி நின்னாத்தான் முழிப்பு வரும். அந்தப் பொட்டி எரைஞ்சுக்கிட்டு இருந்தா நீ முழிச்சிருக்கேன்னு தெரியும். இப்ப ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்றாள்.

அதனால் இப்போது ராத்திரியில் அரைமணிக்கு ஒரு தரம், "கண்ணு, தூங்கிட்டியா?" என்று குரல் வருகிறது. "இல்லேம்மா" என்கிறேன். நேற்று இதை எழுதி முடிப்பதற்குள் ஐந்து தடவை கூப்பிட்டாள். ஐந்து தடவையும் காதில் விழுந்தது.