சக்கர தீர்த்தத்தின் படியில்

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருக்கும் அத்தம்பதியர் இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர்க்காரர்கள் அல்லவா, மாசி மிருகசீரிடத்தில் நம்பிகளைச் சேவிக்காமல் எங்கும் புறப்பட மாட்டார்கள். அந்தச் சேவை முடிந்த கையோடு நைமிசாரண்யத்துக்கு ரயில் ஏறினார்கள்.

இது இரண்டாவது பயணம். இருபது ஆண்டுகளுக்கு முன், அவருடைய தாயாரையும் அழைத்துக்கொண்டு, யாத்திரைக் குழுவோடு சென்றிருந்தனர். அன்று நைமிசாரண்யத்துக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். சக்கர தீர்த்தத்தின் படியில் அமர்ந்து காலை நனைத்த அம்மா, "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமாப்பா?" என்று கேட்டார். வெளியே பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. "எல்லாரும் காத்திருக்காங்க, எழுந்திரும்மா" என்று மகன் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த ஆண்டு அவர் பரமபதித்தார்.

இம்முறை குழுவும் இல்லை, அட்டவணையும் இல்லை. லக்னோவிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில், சீதாப்பூர் மாவட்டத்தில், கோமதி நதிக்கரையில் உள்ள சிற்றூர் அது. ஆறு நாள் தங்குவதென்று தீர்மானம்.

திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களால் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம் இது. எம்பெருமான் தானே தோன்றிய எட்டுத் தலங்களுள் ஒன்றான இங்கு, வனமே அவன் திருமேனி என்பர் பெரியோர். வனத்தை ஒன்றரை மணி நேரத்தில் சேவிப்பது எங்ஙனம்? நேமி என்றால் சக்கரத்தின் விளிம்பு. பிரம்மதேவர் உருட்டிவிட்ட சக்கரம் வந்து நின்ற இடமே வட்டமான அத்தீர்த்தம். அடியில் ஊற்று சுரந்துகொண்டே இருக்கிறது. சூத பௌராணிகர் சௌனகாதி முனிவர்களுக்குப் புராணங்களை உரைத்ததும் இவ்வனத்தில்தான். கேட்பதற்கென்றே கூடியவர்கள், அவர்களுக்கு ஏது அவசரம்!

முதல் நாள் அம்மையாரின் முழங்கால் வலி அறையைவிட்டு நகர விடவில்லை. மறுநாள் வியாச பீடத்து ஆலமரத்தடியில் பொழுது போயிற்று. இட்லி கிடைக்கவில்லை, பாலில் ஊறிய ரொட்டியே இருவருக்கும் போதுமாயிற்று. மூன்றாம் நாள் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பக்கத்துல மிச்ரிக் இருக்கு. ததீசி முனிவர் தீர்த்தம். ஒரு ஆட்டோ பிடிச்சா போய் வந்துடலாமே?"

"அத்தை அங்கே போகணும்னா கேட்டாங்க?" என்றார் மனைவி.

அவர் பதில் கூறவில்லை. அன்று முழுவதும் பேச்சும் குறைந்திருந்தது.

நான்காம் நாள் விடியற்காலையில் இருவரும் தீர்த்தத்துக்குச் சென்றனர். ஒருவர் தோளை ஒருவர் பற்றி வட்டமாக நீரில் நடப்பவர்களைப் பார்த்தவாறு, படியில் அமர்ந்து காலை நனைத்துக்கொண்டார் அவர். நீர் சில்லென்றிருந்தது. சிறிது நேரத்தில் வெளியே ஏதோ ஒரு பேருந்து விடாமல் ஒலி எழுப்பியது. பழக்கத்தில் அவர் பாதி எழுந்துவிட்டார்.

அம்மையார் அவர் கையைப் பற்றி இழுத்தார். மீண்டும் அமர்ந்தார். பேருந்து புறப்பட்டுப் போயிற்று. வெயில் படிக்கு வரும்வரை அவ்விருவரும் எழவில்லை.