புள்ளி விழுந்த பலகை

பெரிய கடைக்குப் பலகை செய்ய ஆர்டர் வந்தால், டேப்பை எடுப்பதற்கு முன் அரை நாள் படிக்கட்டடியில் நிற்பேன். தி. நகரில் ஐந்து மாடிக் கடை ஒன்றில் அப்படி நின்று, செக்யூரிட்டியிடம் மக்கள் கேட்டதையெல்லாம் நோட்டில் குறித்தேன். "பாத்திரம் எந்த மாடிப்பா?" "சீர்ச் சாமான் எங்க இருக்கு தம்பி?" ஒருவர்கூட 'கிச்சன்வேர்' என்று கேட்கவில்லை. முதலாளி தந்த பட்டியலில் இருந்ததோ அதுதான். பேசிப் பேசி 'பாத்திரம்' என்று மாற்றினோம். மாட்டிய வாரமே கேள்வி குறைந்துவிட்டது என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

வாசல் பெயர்ப்பலகைக்குத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று அரசு விகிதம் வைத்திருக்கிறது. அந்த விகிதம் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போனால் ஆங்கிலத்துக்கு அடியில் தமிழ் எறும்பாக ஊர்கிறது. பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சரி. தமிழில் 'கீ'க்கு மேலே சுழி, 'மூ'வுக்குக் கீழே வளைவு. இரண்டுக்கும் இடம் விட்டால் நடு உடம்பு சுருங்கிப்போகும். முப்பதடியிலிருந்து தெரிய வேண்டிய பலகைக்கு நான் நாலரை அங்குலத்துக்குக் குறைய மாட்டேன்.

அப்புறம் புள்ளி. அக்ரிலிக்கில் எழுத்து வெட்டும்போது புள்ளி தனித் துண்டாக வரும். ஆரம்பத்தில் அதை டபுள் டேப்பில்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் 'கண்ணாடிச் சாமான்' பலகையில் 'ண்' புள்ளி விழுந்துவிட்டது. பாட்டியின் கையைப் பிடித்து வந்த சிறுமி ஒருத்தி நின்று, "க-ண-ணா-டி" என்று எழுத்துக்கூட்டினாள். தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று பாட்டி முகத்தைப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் துளை போட்டு ஸ்டட் வைத்துத்தான் பதிக்கிறேன்.

விளக்கிலும் இதே கவனம் வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் எவர்சில்வர் பளிச்சென்று நிற்கும். அதே வெளிச்சத்தைப் பட்டுக்குப் போட்டால் அரக்கு நிறம் செத்துவிடும். அம்மாக்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு ஓடுவார்கள். பட்டுப் பகுதிக்கு 4000-த்தைத் தாண்ட நான் விடுவதில்லை.

என் மனசை அறுப்பது ஆடித் தள்ளுபடி. கூரை முழுக்க அட்டை தொங்கும். அவசர வழியைக் காட்டும் பச்சைப் பலகை அதற்குப் பின்னால் மறைந்துபோகும். 2017 மே 31 அதிகாலை தெற்கு உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை தீப்பிடித்தது. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. கடை திறக்காத நேரம், உள்ளே வாடிக்கையாளர் இல்லை. புகைக்குள் நிற்பவர் செக்யூரிட்டியைத் தேடி வழி கேட்க முடியாது. பச்சைப் பலகைக்கு முன்னால் இரண்டடிக்கு எதுவும் தொங்கக் கூடாது என்று இப்போது ஆர்டர் தாளிலேயே எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். ஆடி முதல் தேதி, கடை திறப்பதற்கு முன் ஏணியோடு மாடி மாடியாகப் போவேன். மறைக்கிற அட்டையை என் கையாலேயே அவிழ்த்துவிடுவேன்.