புல எண் தேதியாக மாறிய வாரம்

2.9.2024, திங்கள்

ஏலக்காய் போட்டவர்களுக்குக் கடிதம் அடிக்கும் வேலை வந்திருக்கிறது. செயலாளர் அண்ணன் எக்செல் பட்டியலைத் தந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள தபால்ல சேத்துருப்பா" என்றார். பெயர், தோட்டத்தின் புல எண், காய் எடை, தொகை, பட்டுவாடா தேதி. சிலமலையில் வீடு, போடிமெட்டு தாண்டிக் கேரளத்தில் தோட்டம் என்று இருப்பவர்களே அதிகம்.

எக்செல் பட்டியலை வேர்டு கடிதத்தில் இணைக்கும் மெயில் மெர்ஜில் முதல் கடிதத்திலேயே எடை உதைத்தது. எக்செலில் 48.3 கிலோ, வேர்டில் 48.299999999999997. எக்செல் தன் திரையில் காட்டும் அழகு வேர்டுக்கு வராது, உள்ளே சேமித்த மதிப்புதான் வரும். இரும எண்முறையில் 48.3 அச்சாக அடங்காது. ஆல்ட், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்தி, ஃபீல்டின் பெயருக்குப் பின்னால் பின்சாய்கோடு, ஹேஷ், 0.00 சேர்த்தேன். 48.30 என்று வந்துவிட்டது.

3.9.2024, செவ்வாய்

பட்டுவாடா அக்டோபர் 9. கடிதத்தில் 10/9/2024 என்று அமெரிக்க முறையில் விழுகிறது. நம் ஊரில் அதை செப்டம்பர் 10 என்றுதான் படிப்பார்கள். ஒரு மாதம் முன்னதாகவே மலையிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்பார்கள். பின்சாய்கோடு, அட் குறி, அதன்பின் நாள், மாதம், ஆண்டு வடிவம் கொடுத்துச் சரிசெய்தேன். மாதத்துக்குப் பெரிய எம் போட வேண்டும். சின்ன எம் என்றால் வேர்டு அதை நிமிடமாக எடுத்துக்கொள்ளும்.

5.9.2024, வியாழன்

இந்த வாரத்தின் பெரிய தலைவலி புல எண். 12/3 என்று தட்டியதை எக்செல் மார்ச் 12 ஆக்கியிருக்கிறது. 245/2, 14/2பி போன்றவை தப்பித்தன. தேதியாகப் பொருந்தும் சின்ன எண்கள் மட்டும் மாட்டின. இப்போது புல எண் பத்தியை டெக்ஸ்ட் ஆக்கினால் 45363 என்கிறது, 1900 தொடங்கி எண்ணிய நாள் கணக்கு அது. மார்ச் 14 என்று இருப்பது 14/3-ஆ, 3/14-ஆ? பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உலகமே பட்ட பாடுதான் இது. மரபணுக்களின் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். நிலத்தின் எண்ணை அப்படி மாற்ற முடியுமா? ஆகவே சந்தேகமான வரிகளை மஞ்சளாக்கி, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பட்டாவையோ கேரளத்துக் கரம் (நிலவரி) ரசீதையோ பார்த்து வாசிக்கச் சொன்னேன். மூணு மணிக்கு மேல் மேட்டில் சிக்னல் இல்லை. மிச்சப் பேரை இரவில் பிடித்தேன்.

பத்தியை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு எண்களைத் திரும்ப அடித்தேன். வேறு குறுக்குவழி இல்லை.

6.9.2024, வெள்ளி

சில பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தன. பாமினி எழுத்துருவில் அடித்தவை, யூனிகோடுக்கு மாற்றியதும் தெளிந்தன. நாளை பிள்ளையார் சதுர்த்தி என்பதால் மதியத்துக்குள் தபாலில் சேர்த்தாயிற்று.

பட்டியல் அடிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: புல எண், கதவு எண், போன் எண் எதுவானாலும் முதல் எழுத்தைத் தட்டும் முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். தேதியாக மாறிய பிறகு மாற்றிப் பயனில்லை.