கிளார்க் என்றொரு சொல்

பள்ளிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்த நம் மகள், தந்தையின் தொழில் என்னும் இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி, "அப்பா, அரசாங்க அதிகாரி என்று எழுதிவிடட்டுமா?" என்றாள். தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழும் நமக்கு அக்கேள்வி முள்ளாய்த் தைத்தது. கிளார்க் என்பது அத்துணை இழிந்த சொல்லா? அன்றிரவு அகராதியைப் புரட்டினோம்.

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'கிளேரோஸ்' என்றால் சீட்டு. சீட்டில் விழுந்த பங்கு. பின்னர், உரிமைச் சொத்து. நிலம் பெறாத லேவியர்க்கு ஆண்டவனே பங்கு என்கிறது விவிலியம். அதனால் இறைபணியாளரை இச்சொல் குறிக்கலாயிற்று. இலத்தீன் வழியாகப் பழைய ஆங்கிலத்துள் நுழைந்தபோதும் அதன் பொருள் குருமார் என்பதே.

அக்காலத்தில் எழுதப் படிக்க அறிந்தோர் பெரும்பாலும் குருமாரே. எனவே இடைக்கால ஆங்கிலத்தில் கிளார்க் என்றால் கற்றவன். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் பாடிய கான்டர்பரிக் கதைகளில் வரும் ஆக்ஸ்போர்டு கிளார்க் மெலிந்த குதிரையில் வருகிறான். பட்டாடையினும் தலைமாட்டில் இருபது நூல்கள் இருப்பதையே விரும்புகிறான். இச்சொல் உயிரையும் காத்ததுண்டு. படிக்கத் தெரிந்தவன் குருமாருக்குரிய சலுகையைக் கோரித் தூக்குக்குத் தப்பலாம். நாடக ஆசிரியர் பென் ஜான்சன் 1598இல் ஒரு நடிகரைக் கொன்ற வழக்கில் இவ்வாறே தப்பினார்; கட்டைவிரலில் சூடு பட்டார். 1827இல்தான் இங்கிலாந்தில் இச்சலுகை ஒழிந்தது.

கல்வி பரவப் பரவ, குருமாரைக் குறிக்க வேறு சொற்கள் வழங்கின. கணக்கும் கடிதமும் எழுதுவோர்க்கே கிளார்க் என்னும் பெயர் நிலைத்தது. அமெரிக்காவிலோ கடையில் பொருள் விற்பவரும் கிளார்க்தான்.

சொல் தாழ்ந்ததென்று வருந்தப் புகுந்த நமக்கு வேறொன்று உறைத்தது. பி.ஏ. படித்த நாளில் வாங்கிய நம் நூல்கள் கட்டிலடியில் டிரங்குப் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. அந்த ஆக்ஸ்போர்டு ஏழை நம்மைக் கண்டால் தன் இனத்தான் என்று ஒப்புவானா?

மறுநாள் மகளிடம் இவ்வளவையும் கூறினோம். அவள் சிரித்துக்கொண்டே கிளார்க் என்று எழுதினாள். நாம் பெட்டியை வெளியே இழுத்துத் தூசி தட்டினோம்.