மூன்று மணி மூன்று நிமிடம்

கொரியாவில் மணி சொல்ல இரண்டு எண்வரிசை தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு அந்த மண்ணின் சொந்த எண்கள்: ஹனா, துல், செட். நிமிடத்துக்குச் சீனத்திலிருந்து வந்து வேரூன்றிய எண்கள்: இல், இ, சாம். மூன்று மணி மூன்று நிமிடத்தை ‘செ சி சாம் புன்’ என்கிறார்கள். முதல் மூன்றுக்கும் அடுத்த மூன்றுக்கும் ஓசையில் உறவே இல்லை! படைவீரர்கள் 24 மணிக் கணக்கில் பேசும்போது மட்டும் இரண்டுக்கும் சீன எண்களே.

சியோலின் குவாங்ஜாங் சந்தையில் ஊறவைத்த பாசிப்பயற்றை அரைத்து, நம் அடையைப் போலச் சுட்டுத் தருகிறார்கள். அங்கே ஒரு கடைப் பாட்டியிடம் ‘மியொத் சியெயோ?’ என்று மணி கேட்டேன். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, ‘நெ சி சிபோ புனியெயோ’ என்றார். நாலே கால். இரண்டு எண்வரிசையும் ஒரே மூச்சில் வந்த அழகில் சொக்கிப்போனேன்.

சந்தையை ஒட்டிய ஜொங்னோ சாலையில் மேற்கே நடந்தால் பொசின்காக் மணிமண்டபம். ஜோசொன் அரசர்கள் காலத்தில் இங்கே இரவில் மணி 28 முறை ஒலித்தால் நகர வாயில்கள் மூடும்; விடியலில் 33 முறை ஒலித்தால் திறக்கும். அந்த மணிக்கு நேரம் சொன்னது அரண்மனையின் நீர்க்கடிகாரம். அடிமைக் குடியில் பிறந்த ஜாங் யொங்-சில் அதை 1434-இல் வடித்தார். நீரின் விசையில் உலோகக் குண்டுகள் உருள, மரப்பொம்மைகள் தாமாகவே மணியும் முரசும் அடித்தன.

அதே ஆண்டில் செஜொங் மன்னர் ஹெஜொங் பாலத்தருகிலும் ஜொங்மியோ ஆலயத்தின் அருகிலும், மக்கள் நடமாடும் தெருவில், நிழல் கடிகாரங்களை வைத்தார். கிண்ணம் போன்ற அவற்றின் உட்குழிவில், எழுத்தறியாதவர்களும் நேரம் பார்க்கட்டும் என்று விலங்குப் படங்களால் பொழுதுகளைக் குறித்தார்கள். முயல் காலை, குதிரை உச்சிவேளை, சேவல் மாலை. எளியவரை நினைத்த அந்த மனம்தான் 12 ஆண்டு கழித்து, 1446-இல், ஹங்குல் எழுத்தையும் நாட்டுக்கு அளித்தது.

கியோங்போக்குங் அரண்மனையில் அந்த நிழல் கடிகாரத்தின் மறுவடிவம் இருக்கிறது. வெயில் நாளில் போனால் அவசியம் பாருங்கள். நிழல் கைபேசிக்குச் சுமார் அரை மணி பின்னே நிற்கும். சியோல் இருப்பது 127 பாகைத் தீர்க்கரேகையில். நாட்டின் கடிகாரம் ஓடுவதோ 135 பாகைக் கணக்கில். இரண்டுமே சரியான நேரம்தான்: ஒன்று சூரியன் சியோலுக்குச் சொல்வது, மற்றது சியோல் உலகத்தோடு ஒத்துக்கொண்டது.