தடுத்தவருக்கு எத்தனை மார்க்?

கபடியில் பாடி வந்தவரை நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டால் பிடித்த அணிக்கு பாயின்ட் உண்டு. நியாயமான ஆட்டம்!

ரக்பியில் அந்த நியாயம் கிடையாது. எதிரணி 80 நிமிஷமும் முட்டி மோதி, நீங்கள் 80 நிமிஷமும் மறித்து நின்றாலும், அதற்காக ஸ்கோர் போர்டில் ஒரு பாயின்ட் ஏறாது. முட்டை வடிவப் பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் வைத்தவருக்குத்தான் 5 பாயின்ட். அதற்குப் பெயர் 'ட்ரை'. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2.

இப்படி மார்க்கே இல்லாத பாடத்துக்கு ஒரு வாத்தியார் இருக்கிறார் என்றால் நம்புவீர்களா? 'டிஃபென்ஸ் கோச்' என்று பெயர். தடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பது மட்டுமே வேலை. அந்த வேலையில் பெரிய பெயர், ஷான் எட்வர்ட்ஸ்.

கொஞ்சம் பின்கதை. 1893-ல் இங்கிலாந்தின் வட பகுதி கிளப்புகள் ஒரு கோரிக்கை வைத்தன. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்ப்பவன் மேட்சுக்கு வந்தால் அன்றைய கூலி போகிறது, அதையாவது ஈடுகட்டுங்கள் என்றார்கள். 'காசு வாங்கி ஆடுவதா?' என்று மறுத்தது ரக்பி யூனியன். 1895-ல் கிளப்புகள் பிரிந்து போயின. 'ரக்பி லீக்' என்று தனி ஆட்டமே பிறந்தது. நூறு வருஷம் கழித்து, 1995-ல்தான் யூனியன் இறங்கிவந்து சம்பளத்தை அனுமதித்தது. அதன்பின் அது முதலில் தேடியது யாரை? தான் விரட்டிவிட்ட வீட்டுப் பிள்ளைகளைத்தான்! ஆளை மறிப்பதை ஒரு தொழிலாகவே கற்று வைத்திருந்தது லீக்.

எட்வர்ட்ஸ் அந்த வீட்டுப் பிள்ளை. 1966-ல் விகன் நகரில் பிறந்தவர். அப்பாவும் லீக் ஆட்டக்காரர். முதுகெலும்புக் காயத்தால் இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஒதுங்கினாரா? தன் 17-வது பிறந்தநாளில் விகன் கிளப்பில் கையெழுத்துப் போட்டார். 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு முறை சேலஞ்ச் கோப்பை. 1990 இறுதிப்போட்டியில் தொடக்கத்திலேயே கன்ன எலும்பு முறிந்தது. ஆடி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

2001-ல் லண்டனின் வாஸ்ப்ஸ் அணிக்கு யூனியன் கோச்சாகப் போனார். 2003-ல் தம்பி பில்லி ஜோ கார் விபத்தில் இறந்தார். 20 வயது. அவரும் விகன் வீரர். சில மாதங்களில் வாஸ்ப்ஸ் இங்கிலாந்து சாம்பியன் ஆனது. அந்த மாதங்களில் அவர் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

அவர் கற்றுக்கொடுத்தது 'ப்ளிட்ஸ்'. எதிராளி வரட்டும் என்று காத்திருக்காதே. பந்து அவன் கைக்கு வரும்போதே வரிசையாக, ஒரே வேகத்தில் பாய்ந்து போய் நில். யோசிக்க நேரம் கொடுக்காதே. கேட்க சுலபம். ஆனால் வரிசையில் ஒருத்தர் ஒரு அடி பின்தங்கினால் அந்த இடுக்கில் எதிராளி புகுந்துவிடுவான். பக்கத்து ஆள் வருவான் என்று நம்பி ஓட வேண்டும். கோச்சின் நிஜமான வேலை அந்த நம்பிக்கையை உண்டாக்குவதுதான்.

பலன்? 2007 உலகக் கோப்பையில் வேல்ஸ் அணி ஃபிஜியிடம் 38 பாயின்ட் கொடுத்து வெளியேறியது. 2008-ல் வாரன் கேட்லண்ட் தலைமை கோச்சாக வந்தார், கூடவே எட்வர்ட்ஸ். அந்த வருஷ 'சிக்ஸ் நேஷன்ஸ்' போட்டியில் ஐந்து மேட்சிலும் வெற்றி. ஐந்திலும் சேர்த்து வேல்ஸ் கொடுத்த ட்ரை, இரண்டே இரண்டு!

நான் படித்தது பி.காம். லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் லெட்ஜரில் பக்கம் உண்டு. வராமல் போன நஷ்டத்துக்கு? கிடையாது. பத்திரிகை வேலைக்கு வந்தபிறகு அப்படி ஒருத்தரைப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் புரூஃப் ரீடர். சரியாகத் திருத்திய ஆயிரம் பக்கத்துக்காக அவருக்கு ஒரு வாசகர் கடிதம்கூட வந்ததில்லை. ஒரு எழுத்து விட்டுப்போன வாரம் மட்டும் போன் அடிக்கும். 'போன் வரலேன்னா நான் நல்லா வேலை பார்த்திருக்கேன்னு அர்த்தம் சார்' என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எட்வர்ட்ஸுக்கும் போன் வந்தது. வேல்ஸோடு 2012, 2019 என்று மேலும் இரண்டு முறை 'கிராண்ட் ஸ்லாம்' பார்த்தவர், 2020-ல் சொந்த ஊரான விகனுக்கே தலைமை கோச்சாகத் திரும்புவார் என்று அறிவித்திருந்தார்கள். கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை என்றார். போனது பிரான்ஸுக்கு. மறுபடி டிஃபென்ஸ் கோச்! ஐம்பதைத் தாண்டிய வயதில் ஃபிரெஞ்சு படித்தார். 2022-ல் பிரான்ஸுக்கு கிராண்ட் ஸ்லாம், 2025-ல் மீண்டும் பட்டம்.

நடுவில் 2023 உலகக் கோப்பை. பாரிஸில் காலிறுதி. பிரான்ஸ் ட்ரை போட்டுவிட்டு அடுத்த 2 பாயின்டுக்கு உதைக்கத் தயாராகிறது. தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே எல்லைக்கோட்டிலிருந்து பாய்ந்து ஓடிவந்து அந்தப் பந்தைத் தடுத்துவிட்டார். மேட்ச் முடிவு? 29-28. பிரான்ஸ் ஒரே ஒரு பாயின்டில் தோற்றது. தடுப்பதன் விலை என்னவென்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு, எதிரணி ஆள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கோல்பேவுக்கு அதற்காக ஒரு பாயின்டும் ஏறவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் ஆபீசில், வீட்டில், தெருவில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். ராத்திரி கேஸை மூடினோமா என்று எழுந்துபோய்ப் பார்ப்பவர். கரன்ட் பில் கடைசித் தேதியை ஞாபகம் வைத்திருப்பவர். அவரால் நடக்காமல் போனது என்னென்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்க முடியாது. முடியாவிட்டால் பரவாயில்லை, அவரிடம் போய் அதையே சொல்லுங்கள்.